பந்தாட்ட வீரர் டெனிஸ் லா

ஸ்காட்லாந்து நாட்டின் வடகீழ்க் கரையில், வடகடலை நோக்கியவாறு அமைந்துள்ளது அபர்தீன் என்னும் துறைமுக நகரம். வெண்சாம்பல் நிறமுடைய கருங்கல்லால் கட்டப்பெற்ற மனைகள் நிறைந்தமையால் அதனைக் கருங்கல் நகரம் என்றே அழைப்பர். சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் அந்நகரத்தார் பலர் மீன்பிடி தொழிலால் வாழ்ந்தனர். அவருள் ஒருவர் வாரத் தொடக்கத்தில் படகேறிக் கடலுள் சென்றால், வார இறுதியில்தான் வீடு திரும்புவார். அவருக்கு மக்கள் எழுவர். எழுவருள் இளையவராக, 1940-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் பிறந்தவரே டெனிஸ் லா.

எழுவரும் உண்ண வேண்டும், உடுக்க வேண்டும். ஆகவே காலணி என்பது அவ்வீட்டில் எளிதிற் கிடைக்கும் பொருளன்று. பன்னிரண்டு வயது வரை டெனிஸ் வெறுங்காலுடனேயே நடந்தார். அபர்தீனின் குளிர் எத்தகையது என்பதை அறிந்தவர்களே இதன் அருமையை உணர்வர். பந்தாடுவதற்கு உரிய காலணியும் பிறர் அணிந்து கழித்ததாகவே அவருக்கு வாய்த்தது. இவையேயன்றி, அவருக்கு மாறுகண் இருந்தது. தடித்த மூக்குக் கண்ணாடி அணிந்து பள்ளிக்குச் செல்வார். விளையாடும்போது அதனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றொரு கண்ணாலேயே பந்தைப் பார்ப்பார்.

படிப்பில் அவர் பின்தங்கியவர் அல்லர். நகரின் பெயர்பெற்ற பள்ளி ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் அங்கே கால்பந்தாட்டம் இல்லை, ரக்பி ஆட்டமே உண்டு என்று அறிந்ததும், அப்பள்ளியை விட்டு வேறொரு பள்ளியை நாடினார். இதனை நம் மாணவர் பின்பற்ற வேண்டும் என்று யாம் கூறவில்லை. பந்தின்மீது அச்சிறுவர் கொண்டிருந்த பற்று எத்துணை என்பதை அறிவதற்கே இதனைச் சொன்னோம்.

இங்கிலாந்தில் யார்க்ஷயர்ப் பகுதியில் கம்பளி ஆலைகள் மிகுந்த ஹட்டர்ஸ்பீல்டு என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்க் கழகத்தினர் 1955-ஆம் ஆண்டு டெனிசைத் தம்மிடம் வரவழைத்துச் சேர்த்துக்கொண்டனர். அப்பொழுது அவருக்கு வயது பதினைந்து. ஒல்லியான உடலும் கண்ணாடியும் கொண்ட அப்பையனைக் கண்ட கழக மேலாளர், இவனா ஆட்டக்காரன் என்று முதலில் ஐயுற்றார். எனினும் அக்கழகம் அவருடைய மாறுகண்ணை அறுவை மருத்துவத்தால் நேராக்கிற்று. இரு கண்ணும் திறந்து, எதிரே நிற்பவரை நேராக நோக்கி ஆடும் பேறு அதன் பின்னரே அவருக்குக் கிட்டியது. 1956-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள், பதினாறே வயதில், கழகத்தின் முதற்குழுவில் இடம்பெற்று ஆடினார். அடுத்து வந்த மேலாளர் பில் ஷாங்க்லி என்னும் ஸ்காட்லாந்தியர், மெலிந்த இவ்விளைஞருக்கு இறைச்சியும் பாலும் ஊட்டி வலிமை ஏற்றினார். 1958-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், ஸ்காட்லாந்து நாட்டுக் குழுவிலேயே டெனிஸ் இடம்பெற்றுவிட்டார்.

பின்னர் விலை பேசும் காலம் வந்தது. அந்நாளில் பிரிட்டனில் தொழிலாகப் பந்தாடியவர்களின் நிலை எத்தகையது என்பதை இங்கே சற்று விளக்குதல் வேண்டும். ஒரு கழகத்தில் ஓர் ஆட்டக்காரரின் பெயர் பதிவானால், உடன்படிக்கைக் காலம் முடிந்த பின்னரும் அப்பதிவு கழகத்தின் கையிலேயே இருக்கும். கழகம் இசைந்தாலன்றி அவர் வேறிடம் செல்ல இயலாது. வேறொரு கழகம் அவரை விரும்பினால் விலை கொடுக்க வேண்டும். அவ்விலை ஆட்டக்காரருக்கு உரியதன்று, அவரை விற்கும் கழகத்துக்கே உரியது. வாரச் சம்பளமோ 20 பவுனுக்கு மேற்படலாகாது என்பது விதி. 1960-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மான்செஸ்டர் சிட்டி என்னும் கழகம் 55,000 பவுன் கொடுத்து டெனிசைப் பெற்றது. பிரிட்டனில் அதுகாறும் எந்த ஆட்டக்காரருக்கும் அத்துணைத் தொகை கொடுக்கப்பட்டதில்லை. வாரம் 20 பவுன் வீதம் அத்தொகையை அவரே ஈட்ட வேண்டுமாயின், ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாது பந்தாட வேண்டும்!

புதிய கழகத்தில் அவர் பெற்ற வியத்தகு நாள் ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள், கோப்பைப் போட்டியில் லூட்டன் குழுவை எதிர்த்து ஆடினர். லூட்டன் முதலில் இரண்டு கோல்கள் போட்டு முந்தியது. அதன் பிறகு டெனிஸ் ஒருவரே ஆறு கோல்கள் போட்டார். ஆனால் மழை விடாது பெய்து ஆடுகளம் குளமாயிற்று. ஆட்டத்தின் 69-ஆம் நிமிடத்தில் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். நிறுத்தப்பட்ட ஆட்டத்துக் கோல்கள் கணக்கில் சேரா. மீண்டும் நடந்த ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி 3-1 எனத் தோற்றது. அந்த ஒரு கோலும் டெனிஸ் போட்டதே. ஏழு கோல் போட்டும் தோற்றவர் என அவரை வேடிக்கையாகச் சொல்லலாம்.

அவ்வாண்டு ஜனவரியிலேயே 20 பவுன் வரம்பு நீக்கப்பட்டது. ஆயினும் இத்தாலி நாட்டுக் கழகங்கள் அளித்த ஊதியம் அதனினும் மிகுதி. டூரின் நகரத்து டொரினோ கழகம் 110,000 பவுன் கொடுத்து டெனிசை அழைத்துச் சென்றது. 1949-ஆம் ஆண்டில் சுபெர்கா என்னும் குன்றின்மீது வானூர்தி மோதியதால் தன் குழுவினர் ஏறத்தாழ அனைவரையும் ஒருசேர இழந்து, மீண்டும் தலையெடுக்க முயன்றுகொண்டிருந்த கழகம் அது. அங்கே டெனிஸ் நல்ல ஊதியம் பெற்றார். ஆனால் மகிழ்ச்சி பெறவில்லை. கோல் போடுவதைக் காட்டிலும் கோல் விடாமல் தடுப்பதே பெரிதென எண்ணியது அன்றைய இத்தாலிய ஆட்டம். முன்னணியில் ஆடுபவரை இரண்டு மூன்று பேர் சூழ்ந்து நின்று நகரவொட்டாமல் செய்வர். 1962-ஆம் ஆண்டு பிப்ரவரியில், உடன் ஆடிய ஜோ பேக்கர் ஓட்டிய மோட்டார் வண்டி கவிழ்ந்து, பேக்கர் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். டெனிஸ் பெருங்காயமின்றித் தப்பினார். அதன் பின் அவரைக் கேளாமலேயே அவ்வூரின் மற்றொரு கழகமாகிய யுவெந்தஸுக்கு விற்க ஏற்பாடு நடைபெற்றது. அதனை அறிந்த டெனிஸ், ஒருவரிடமும் விடைபெறாமல் வானூர்தி ஏறி அபர்தீனுக்கே திரும்பிவிட்டார். இருபத்திரண்டு வயதுக்குள் இருமுறை விலைபோனவர், மூன்றாம் முறை தம் விருப்பமும் கேட்கப்பட வேண்டும் என்று எண்ணியதில் பிழை யாதுளது? ஆட்டக்காரரைக் கட்டிவைத்த பழைய பதிவு முறை முறையற்றது என்று ஈஸ்தம் என்பவர் தொடுத்த வழக்கில் ஆங்கில நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1963-ஆம் ஆண்டில்தான்.

1962-ஆம் ஆண்டு ஜூலையில் 115,000 பவுன் விலையில் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் அவரைப் பெற்றது. மான்செஸ்டர் நகரில் பெருங்கழகங்கள் இரண்டு. நீலச் சட்டை அணிவது சிட்டி. சிவப்புச் சட்டை அணிவது யுனைடெட். ஒரே நகரில் வாழ்ந்தும் இவ்விரு கழகத்தாரும் ஒருவர் தோல்வியில் ஒருவர் மகிழ்வர். டெனிஸ் முன்னர் நீலம் அணிந்தவர். இப்பொழுது சிவப்பு அணிந்தார். இக்கழகமும் 1958-ஆம் ஆண்டு மியூனிக் நகரில் நிகழ்ந்த வானூர்தி விபத்தில் தன் இளம் வீரர் எண்மரைப் பறிகொடுத்தது. உயிர் பிழைத்த மேலாளர் மாட் பஸ்பி புதிய குழுவை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஹட்டர்ஸ்பீல்டில் டெனிசைப் பதினாறு வயதுப் பையனாகக் கண்டபோதே 10,000 பவுன் தர முன்வந்தவர் பஸ்பி என்பது குறிப்பிடத்தக்கது.

பதினோர் ஆண்டுகள் டெனிஸ் அங்கே ஆடினார். அவருடைய ஆட்டத்தைக் கண்டவர்கள் மறப்பதில்லை. நீண்ட கைச்சட்டையின் நுனியை விரல்களால் இறுகப் பற்றிக்கொண்டு ஓடுவார். உயரத்தில் வரும் பந்துக்குத் தம்மினும் நெடிய காவலர்களுக்கு மேலே எழும்பி, வானில் ஒரு கணம் தங்கி நிற்பவர் போலத் தோன்றித் தலையால் முட்டி வலைக்குள் செலுத்துவார். உடனே வலக்கையை மேலே உயர்த்தி ஒற்றை விரலைக் காட்டுவார். அதனைக் காண்பதற்கென்றே கூடிய கூட்டம் அவரை 'அரசர்' என்று அழைத்தது. சினமும் அவரிடம் இருந்தது. அதன் பொருட்டு ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாரக்கணக்கில் ஆட்டத்தினின்றும் விலக்கப்பட்டார். 1963-64 பருவத்தில் அவர் போட்ட 46 கோல்கள், ஒரு பருவத்தில் அக்கழகத்தார் எவரும் இன்றளவும் தாண்டாத எண்ணிக்கை. 1964-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப்பந்துப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசு பெற்ற ஸ்காட்லாந்தியர் அவர் ஒருவரே.

தாய்நாட்டின்மீது அவர் வைத்த பற்று சில வேளை சிரிப்பையும் விளைக்கும். 1966-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து வெல்வதைக் காண விரும்பாமல், அந்நேரத்தில் கோல்ப் ஆடச் சென்றுவிட்டார். அடுத்த ஏப்ரலில் அந்த உலக வெற்றிக் குழுவை ஸ்காட்லாந்து வெம்பிளியில் 3-2 என வென்றபோது, முதற்கோல் அவருடையது. ஆனால் 1968-ஆம் ஆண்டு மே மாதத்தில் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்ற நாளில், அவர் முழங்கால் நோயால் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார்.

முழங்கால் பின்னர் முழுமையாக நலமுறவில்லை. 1973-ஆம் ஆண்டு கோடையில் கழகம் விலையின்றி அவரை விடுவித்தது. அச்செய்தியை அவர் தொலைக்காட்சி வாயிலாகவே அறிந்தார் என்பர். 404 ஆட்டங்களில் 237 கோல்கள் போட்டவர் மீண்டும் நீலச் சட்டை அணிந்து, பழைய சிட்டி கழகத்துக்கே சென்றார்.

1974-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், யுனைடெட்டின் சொந்தக் களமாகிய ஓல்டு டிராபோர்டில் இரு மான்செஸ்டர்க் குழுக்களும் எதிர்ப்பட்டன. யுனைடெட் முதற்பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கும் இடுக்கணில் இருந்தது. எண்பது நிமிடம் வரை எவரும் கோல் போடவில்லை. அப்பொழுது பிரான்சிஸ் லீ என்பவர் தட்டிய பந்து, வலைக்கு முதுகு காட்டி நின்ற டெனிசின் காலடியில் வந்து சேர்ந்தது. திரும்பிப் பாராமலே குதிகாலால் தட்டினார். பந்து வலைக்குள் சென்றது.

உடனிருந்தோர் ஓடிவந்து தழுவினர். டெனிசின் கை உயரவில்லை, விரல் நீளவில்லை. தலைகுனிந்து நின்றார். சிறிது நேரத்தில் வேறொருவர் களமிறங்க, அவர் வெளியேறினார். கூட்டம் களத்துள் பாய்ந்தது. ஆட்டம் முடியுமுன்னரே நிறுத்தப்பட்டாலும், 1-0 என்னும் முடிவு நிலைத்தது. யுனைடெட் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று. உண்மையில், அதே நாளில் பர்மிங்காம் குழு வென்றமையால், இந்தக் கோல் இல்லாவிடினும் யுனைடெட் இறங்கியே இருக்கும். கணக்கு அவ்வாறு கூறும். ஆனால் அந்தக் கணத்தில் களத்தில் நின்றவர் அதனை எங்ஙனம் அறிவார்?

லீக் ஆட்டங்களில் அவர் ஆடிய இறுதி ஆட்டம் அதுவே. அக்கோடையில் மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் ஒரே ஓர் ஆட்டம் நாட்டுக்காக ஆடி ஓய்வு பெற்றார். 55 ஆட்டங்களில் 30 கோல்கள் என்பது நாட்டுக்காக அவர் ஈட்டிய கணக்கு. இத்தனை ஊர் கண்டவர், ஸ்காட்லாந்துக் கழகம் எதிலும் ஒரு நாளும் ஆடியதில்லை. எனினும் 2021-ஆம் ஆண்டு அபர்தீன் நகரம் அவருக்குச் சிலை எடுத்தது. ஓல்டு டிராபோர்டிலும் அவருக்குச் சிலைகள் உண்டு. அவற்றில் அவருடைய கை உயர்ந்தே இருக்கிறது. முதுமையில் மறதி நோயால் வருந்தி, 2025-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், தம் 84-ஆம் வயதில் மறைந்தார்.

அந்தக் குதிகால் கோலால் விளைந்த வருத்தம் எத்தனை நாள் நீடித்தது என்று அவருடைய பிற்காலத்தில் ஒருவர் வினவினார். அந்த ஆட்டம் நடந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று டெனிஸ் திருப்பிக் கேட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவே தம் விடை என்றார் அவர்.