பலகையும் அவையும்

ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உண்டு என்று எண்ணுதல், மொழியைக் கற்கத் தொடங்குவார்க்கு இயல்பு. அகராதியைப் புரட்டிய அளவிலே அவ்வெண்ணம் நீங்கிவிடும். ஆங்கிலத்தில் நாம் நாள்தோறும் கேட்கும் எளிய பெயர்ச்சொற்களுள் ‘போர்டு’ என்பது ஒன்று. வகுப்பில் ஆசிரியர் எழுதுவதும் போர்டு. கடை வாயிலில் தொங்குவதும் போர்டு. சதுரங்கக் காய்களை வைத்து ஆடுவதும் போர்டு. இவை மூன்றும் பலகையே, ஆதலின் ஐயமில்லை. ஆனால், மின்சாரம் வழங்கும் நிறுவனத்தையும் போர்டு என்கின்றனர். விடுதியில் மாணவர்க்கு இடும் உணவையும் போர்டு என்கின்றனர். கப்பலில் ஏறியவனை ‘ஆன் போர்டு’ இருப்பதாகக் கூறுகின்றனர். இங்கெல்லாம் பலகை எங்கே இருக்கிறது?

பலகை இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் மறைந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் அறுத்தெடுத்த மரப்பலகையைக் குறித்தது. இடைக்காலத்து இங்கிலாந்தில் பெருமனைகளின் கூடத்திலே, உணவு வேளையில் மரத் தாங்கிகளை நிறுத்தி, அவற்றின்மேல் நீண்ட பலகைகளைப் பரப்புவர். உண்டு முடிந்ததும் பலகைகளை எடுத்துச் சுவரோரம் சார்த்திவிடுவர். ஆகவே பலகை என்றாலே உண்ணும் மேசை என்று பொருள்படலாயிற்று. பின்னர், மேசையின் பெயர் அதன்மேல் வைக்கப்பட்ட உணவுக்கு ஆயிற்று. உணவும் உறையுளும் தரும் விடுதிக்குப் ‘போர்டிங்’ என்னும் பெயர் வந்தது இவ்வழியேயாம்.

இதனைக் கேட்டு வியப்பவர், நம் வீட்டுத் திருமணப் பந்தலை நினைக்க வேண்டும். ‘இலை போட்டாயிற்று’ என்றால் உணவு ஆயத்தம் என்று அறிகிறோம். ‘எத்தனை இலை?’ என்று சமையற்காரர் கேட்டால், உண்பவர் எத்தனைபேர் என்று எண்ணிச் சொல்லுகிறோம். அங்கே பலகை செய்த வேலையை இங்கே வாழையிலை செய்கிறது.

உண்ட மேசையிலேயே ஊர்க்காரியங்களும் பேசப்பட்டன. மேசையைச் சூழ்ந்திருந்து வழக்கையும் வரவுசெலவையும் ஆராய்ந்த பெரியோர்க்கு மேசையின் பெயரே பெயராயிற்று. நிருவாகம் நடத்தும் குழுவைப் போர்டு என்பது இதனால்தான். 1786-ஆம் ஆண்டில் சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அமைத்த ‘ரெவின்யூ போர்டு’ இவ்வகையினது. அது 1980-இல் எடுக்கப்பட்டது. ஜில்லா போர்டு என்பதும் அந்நாளில் நாட்டுப்புறத்தார் நாவிலும் வழங்கிய தொடரே. அதன் பொருளைப் பலகை என்று கொண்டவர் எவருமிலர்.

இலக்கணம் கற்ற மாணவர் இதனை இடவாகுபெயர் என்று உடனே கூறுவர். ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ளார் சிரித்தனர் என்பது பொருள். மேசை கூடிற்று என்றால் மேசையைச் சுற்றி இருந்தார் கூடினர் என்பது பொருள். நம் ‘மன்றம்’ என்னும் சொல்லும் இவ்வாறு வளர்ந்ததே. ஊர் நடுவே மரநிழலில் மக்கள் கூடிய வெளியிடத்திற்கு மன்றம் என்று பெயர். இன்று சட்டமன்றம் என்கிறோம். அங்கே மரமும் இல்லை, நிழலும் இல்லை. பலகையும் நம் புலவர் அவைக்குப் புதிதன்று. மதுரைச் சங்கப் பலகையில் இடம்பெற்றவரே புலவர் எனப்பட்டனர் என்று பழங்கதை கூறும். ஆயினும், தமிழில் பலகை என்னும் சொல் அவையைக் குறிக்கும் அளவிற்கு வளரவில்லை.

அப்படியாயின், குழுவைக் குறிக்கும் போர்டுக்குத் தமிழ் யாது? குழு, அவை, கழகம், வாரியம் எனப் பல சொற்கள் உள. இவை ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் முற்றும் ஒத்தவை அல்ல. கூடி ஆராய்வது அவை. ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டு நடத்துவது வாரியம். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய பெயர்களைக் காணலாம். குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஓராண்டு அப்பணியை ஆற்றினர். ஏரியைக் காத்தவர் ஏரி வாரியத்தார் எனின், மின்சாரத்தைக் காப்பவர் மின்வாரியத்தார் ஆவது எவ்வளவு பொருத்தம்! ஆங்கிலச் சொல்லைக் காட்டிலும் இது தெளிவானது என்பது என் கருத்து. அதில் மேசையைத் தேட வேண்டிய தொல்லை இல்லை.

ஆங்கிலத்தில் குழுவைக் குறிக்கும் வேறு சில சொற்களின் பிறப்பும் சுவையானதே. ‘பேனல்’ என்பது துணித்துண்டு என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. நீதிமன்றத்தில் சான்றோர் பெயர்களை எழுதிய தோல்துண்டைக் குறித்துப் பின்னர் அச்சான்றோரையே குறித்தது. ‘பீரோ’ என்பது எழுதும் மேசைமேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணியின் பெயர். அது மேசைக்கும் பின்பு அலுவலகத்திற்கும் ஆயிற்று. நம் வீடுகளில் அது துணி வைக்கும் பெட்டியாய் நிற்கிறது!

கப்பலின் செய்தி வேறு. பலகையைக் குறித்த சொல்லோடு, விளிம்பு என்னும் பொருளுடைய மற்றொரு பழஞ்சொல்லும் ஒலியொப்புமையால் கலந்துவிட்டது. எல்லையைக் குறிக்கும் ‘பார்டர்’ இதன் உறவே. கப்பலின் விளிம்பு, பக்கம் என்பதே இங்குப் பொருள். வலப்பக்கத்தை ‘ஸ்டார்போர்டு’ என்பர். இதில் விண்மீனுக்கு வேலை இல்லை; பழங்காலத்துச் சுக்கான் துடுப்பு வலப்பக்கம் இருந்தமையின், செலுத்தும் பக்கம் என்னும் சொல் அவ்வாறு திரிந்தது. இடப்பக்கத்திற்கு ‘லார்போர்டு’ என்பது பெயர். புயலில் மாலுமிகள் கூவும்போது இரண்டும் ஒன்றாகவே கேட்கும். வலம் இடமாயின் கப்பல் பாறையில் மோதும். இவ்விடர்ப்பாட்டை நீக்க, ஆங்கிலக் கடற்படையார் 1844-இல் ‘லார்போர்டு’ என்பதைக் கைவிட்டு, ‘போர்ட்டு’ என்பதையே வழங்குமாறு ஆணையிட்டனர்.

ஒரு சொல் இத்தனை பொருள் தருமாயின், எப்பொருளைக் கொள்வது? தொல்காப்பியர் இதற்கு வழி வகுத்திருக்கிறார். பலபொருள் ஒருசொல்லை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிக என்பது அவர் கருத்து. மா பூத்தது எனின் மரம், வினை உணர்த்திற்று. மாவும் பலாவும் எனின் இனம் உணர்த்திற்று. போருக்கெழுந்த வீரன் ‘மா கொணர்க’ என்றால், சார்பு நோக்கிக் குதிரையைக் கொணர்வரேயன்றி மாங்கன்றைக் கொணரார். ஆங்கிலத்திற்கும் இம்முறை பொருந்துகிறது. ‘அழி’ என்னும் வினை வந்தால் கரும்பலகை. ‘கூடிற்று’ என வந்தால் வாரியம். உறையுளோடு சேர்ந்து வந்தால் உணவு. மாலுமியும் கடலும் சூழ வந்தால் கப்பலின் பக்கம்.

இம்மூன்றையும் நோக்காமல் அகராதியின் முதற்பொருளையே எடுத்தாளும் மொழிபெயர்ப்பாளன், ‘மாலுமி ஓவர் போர்டு சென்றான்’ என்பதைப் ‘பலகையின்மேல் சென்றான்’ என்று எழுதிவிடுவான். படிப்பவர் கவலையின்றி அடுத்த பக்கத்தைப் புரட்டுவர். மாலுமியோ கடலில் விழுந்து தத்தளித்துக்கொண்டிருப்பான்.