தண்ணீர் தங்காத கால்வாய்

அயர்லாந்தின் மேற்கே, மேயோ மாவட்டத்தின் தென் எல்லையில் இருக்கிறது காங். வடக்கே மாஸ்க் ஏரி, தெற்கே காரிப் ஏரி, நடுவே சில தெருக்கள். அவ்வளவுதான் ஊர். ஆனாலும் கோடை வந்தால் சுற்றுலாப் பேருந்துகளுக்குக் குறைவில்லை. காரணம், ஒரு சினிமா.

1951இல் ஜான் ஃபோர்டு ‘தி கொயட் மேன்’ படத்தை இங்கே எடுத்தார். அமெரிக்காவிலிருந்து சொந்த ஊர் திரும்பும் குத்துச்சண்டை வீரனாக ஜான் வெயின், அவன் மணக்கும் முன்கோபக்காரியாக மொரீன் ஓஹாரா. ஃபோர்டுக்கு அது நான்காவது ஆஸ்கரைத் தந்தது. வெயின் ஓஹாராவைத் தூக்கி நிற்கும் சிலை இன்று ஊர் நடுவில் நிற்கிறது. படத்தில் மதுக்கடையாக வந்த கட்டடம் அப்போது ஒரு மளிகைக் கடை. உள்ளே நடக்கும் காட்சிகளை ஹாலிவுட்டில் செட் போட்டு எடுத்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அங்கே நிஜமாகவே மதுக்கடை வந்துவிட்டது. சினிமா சொன்ன பொய்யை ஊர் உண்மையாக்கிவிட்டது!

சிலையிலிருந்து சில நிமிட நடையில் அகஸ்டீனிய மடத்தின் இடிபாடுகள். நார்மன்களிடம் நாட்டைப் பறிகொடுத்த அயர்லாந்தின் கடைசிப் பேரரசர் ரோரி ஓகானர் தம் இறுதிக் காலத்தைக் கழித்து, 1198இல் இறந்தது இங்கேதான். அவருடைய தந்தை டர்லக் செய்வித்த ‘காங் சிலுவை’ இப்போது டப்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மடத்துத் துறவிகள் ஆற்றின் மேலேயே கட்டிய சிறிய மீன்பிடி வீடு மட்டும் கூரை இழந்து நிற்கிறது. தரையில் ஒரு துவாரம், அதன் வழியே கீழே ஓடும் நீரில் வலை. மீன் சிக்கினால் சமையலறையில் மணி அடிக்கும்படி கயிறு கட்டியிருந்தார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள்.

இவற்றையெல்லாம் படமெடுத்துக்கொண்டு பேருந்து ஏறுகிறவர்கள் தவறவிடுவது கால்வாயை. என்னைக் கேட்டால், காங்கில் முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான்.

உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் மேயோ பட்டினி கிடந்த காலம். இரண்டு ஏரிகளையும் படகுப் போக்குவரத்துக்காக இணைக்கும் வேலை 1848இல் தொடங்கியது. வெள்ளத்தை வடிப்பது, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி வேலை கொடுப்பது என்று ஒரே திட்டத்தில் பல நோக்கங்கள். பாறையைக் குடைந்து சுமார் 6 கிலோமீட்டர் வெட்டினார்கள். மட்டத்துக்கு மட்டம் படகை ஏற்றி இறக்கும் மதகுகளைச் செதுக்கிய கல்லால் கட்டினார்கள்.

ஆனால் இந்த மண்ணுக்கு அடியில் இருப்பது ஓட்டை விழுந்த சுண்ணாம்புப் பாறை. மாஸ்க் ஏரியின் நீர் காரிப்புக்குப் போவதே பெரும்பாலும் நிலத்தடிக் குகைகள் வழியாகத்தான். கால்வாயில் விட்ட நீரும் அதே வழியில் இறங்கிவிடும். 1854இல் படகுத் திட்டத்தைக் கைவிட்டார்கள். வெட்டியபோது பாறையின் குணம் தெரியாமல் போய், கடைசியில் திறந்துவிட்ட நீர் மாயமானதாக ஒரு கதை உலவுகிறது. பொறியாளர்களை முட்டாள்களாக்கும் கதை. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. உண்மையில் கசிவை அடைக்க ஆகும் செலவும், போட்டிக்கு வந்துகொண்டிருந்த ரயிலும் சேர்ந்தே அதை முடக்கின.

மழைக்காலத்தில் கால்வாயில் நீர் ஓடும். ஆகவே கோடையில் போவதே நல்லது. ஒரு படகைக்கூடக் காணாத மதகுச் சுவர்களின் கல்வேலையை அப்போதுதான் அடிவரை பார்க்க முடியும்.