சுண்டைக்காய் கால் பணம்!

மருந்து விலை ஏறிவிட்டது என்று உழவன் புலம்புகிறான். மருந்து அடிக்காவிட்டால் பயிர் போய்விடும் என்று கடைக்காரர் பயமுறுத்துகிறார். ‘எந்த நோய்? எந்த நாளில் அடிப்பது? எவ்வளவு செலவு? எவ்வளவு நெல் மிஞ்சும்?’ என்று கணக்குக் கேட்க இருவருக்கும் நடுவே ஆளில்லை. கணக்குக் கேட்க ஆளில்லாத இடத்தில்தான் ஏழையின் காசு கரைகிறது. எவனோ ஒருவனின் பெட்டி நிறைகிறது.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் முன்னால் நின்று இரும்பைக் கடையும் தோழர் கேட்கலாம்: “பட்டறைக்காரனுக்கும் பயிர் மருந்துக்கும் என்ன சொந்தம்?” சொந்தம் உண்டு தோழரே! இந்த வட்டாரத்து வயல்கள் பலவற்றில் இன்று பட்டறைக் கொட்டகைகள் நிற்கின்றன. வயலுக்குப் பாய்ந்த செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீராயிற்று. ஆனால் உம் அண்ணனோ, மாமனோ, மதுராந்தகத்திலும் உத்திரமேரூரிலும் இன்னும் ஏர் பிடிக்கிறார். நீர் அனுப்பும் கூலிப் பணம் அங்கே மருந்துக் கடைப் பாக்கிக்குப் போகிறது. ஆகவே இது உம்முடைய கணக்கும்தான்!

நெல்லுக்கு வரும் நோய்களில் கொடியது குலைநோய். பூசணம் என்று சொல்கிறோமே, கண்ணுக்குத் தெரியாத காளான் இனம், அது செய்யும் வேலை. இரவில் குளிர், இலைமேல் பனி, வானில் மூட்டம், வயலில் அளவுக்கு மீறிய யூரியா: இந்த நான்கும் கூடினால் அதற்குக் கொண்டாட்டம். முதலில் இலையில் கண் வடிவப் புள்ளி. நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. பின்னர் கதிரின் கழுத்தைப் பிடிக்கும். கழுத்துக் கறுத்துக் கதிர் ஒடியும். உள்ளே அரிசி இராது, பதர் இருக்கும். 1919இல் தஞ்சைத் தரணியையே இந்த நோய் சூறையாடியது.

இந்தப் பகைவனுக்கு எதிராகப் பூசணக்கொல்லி உண்டு. அது எப்படிப் பிறந்தது தெரியுமா? பிரான்சு நாட்டில் போர்டோ என்னும் ஊர்ப்பக்கம், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறித்துவிடாதபடி, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்கள். நோய் வந்தபோது தோட்டத்து உட்புறக் கொடிகள் இலை உதிர்ந்து நின்றன. சாலையோரக் கொடிகள் பச்சையாக நின்றன! மில்லார்டே என்ற பேராசிரியர் இதைக் கவனித்தார், ஆராய்ந்தார், 1885இல் உலகுக்கு அறிவித்தார். திருடனைத் தடுக்க வைத்த காவல், பூசணத்தையும் தடுத்தது. அதுதான் போர்டோ கலவை.

அந்த அறிவு பிந்தி வந்ததால் அழிந்தது ஒரு தொழில். இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் 1869இல் தோன்றியது. மருந்து அறியாத காலம். அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பித் தோட்டங்கள் பாழாயின. தேயிலை அந்த இடத்துக்கு வந்தது. முதலாளி பயிரை மாற்றிக்கொண்டான். கடல் கடந்து போன தமிழ்க் கூலியின் வயிற்றை யார் மாற்றுவது?

ஆகவே ‘மருந்தே வேண்டாம்’ என்று சொல்ல நாம் வரவில்லை. ‘மருந்து எப்போது இலாபம், எப்போது நட்டம்’ என்று சொல்ல வந்திருக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கருக்கு மருந்து 400 ரூபாய், தெளிப்புக் கூலியும் கருவி வாடகையும் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் இது மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. மொத்தம் 1,000 ரூபாய். தமிழக அரசு 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து சாதா ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என விலை வைத்தது. அதாவது கிலோ 25 ரூபாய். ஆயிரத்தை இருபத்தைந்தால் வகுத்தால் 40 கிலோ. ஏக்கருக்கு 2,000 கிலோ விளைந்தால், இது நூற்றுக்கு இரண்டு!

நூற்றுக்கு இரண்டுக்கு மேல் நோய் தின்னும் என்றால், தெளிப்பது இலாபம். குலைநோய் கழுத்தைப் பிடித்தால் இரண்டோடா நிற்கும்? ஆனால் நோயே இல்லாத வயலில் தெளித்தால் 40 கிலோ காற்றோடு போயிற்று. பக்கத்து வயல்காரன் அடித்தான் என்று மூன்று முறை அடித்தால் 120 கிலோ! களத்துக்கு வருமுன்பே நெல் கடைக்குப் போய்விட்டது. குத்தகைக்காரன் நிலை என்ன? வாரம் அளக்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும், பிறகல்லவா அவன் அடுப்பு எரிய வேண்டும்?

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்கள். கூலியைக் குறை என்று நாம் சொல்லமாட்டோம். நஞ்சைத் தோளில் சுமந்து, முகமூடியும் கையுறையும் இன்றி மூச்சில் இழுக்கும் பாட்டாளியின் கூலி அது. வீண் தெளிப்பைக் குறை என்கிறோம். வீண் தெளிப்பால் உழவனுக்குக் காசு நட்டம், தெளிப்பவனுக்கு உடல் நட்டம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணமும் பழகிக்கொள்கிறது; அடுத்த ஆண்டு அதே காசுக்கு அதே பலன் கிடைக்காது.

இன்னொரு கொடுமை. இலை கருகினால் எல்லாம் பூசணம் அல்ல. பாக்டீரியாவால் வரும் இலைக்கருகலுக்கும், துங்ரோ வைரசுக்கும், துத்தநாகக் குறைக்கும் பூசணக்கொல்லி பயன்படாது. பல்வலிக்காரனுக்குப் பாதத்தில் பற்றுப் போடுவது போன்றது அது. ஆனாலும் கடையில் கலவை கட்டிக் கொடுக்கிறார்களே! நோயைக் கண்டுசொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவரே என்றால், எந்த வயல்தான் நோயற்ற வயலாகும்?

கடையில் இப்படி என்றால், வீட்டில் மூடநம்பிக்கை! கதிரில் மணிகள் மஞ்சள் உருண்டைகளாகி, பின் கரும்பச்சையாக மாறும் நோய்க்கு ‘லட்சுமி நோய்’ என்று பெயர்! அது வந்தால் விளைச்சல் பெருகுமாம். நல்ல மழையும் நிறைந்த உரமும் உள்ள ஆண்டில் விளைச்சலும் பெருகும், அந்தப் பூசணமும் பெருகும். காரணம் மழையும் உரமும். பெயர் தட்டிச்செல்வது லட்சுமி! பூசணத்துக்குப் பூசையா? கதிர் பொதியில் இருக்கும்போதே தெளித்தால்தான் அதற்குப் பலன். உருண்டையைக் கண்டபின் ஊற்றும் மருந்து, ஊர்வலம் போனபின் போடும் பந்தல்.

குறைந்த செலவில் நிறைந்த காவல் எது? முதலாவது, ரகம். கோயம்புத்தூர் அறிவியலாளர்கள் குலைநோயைத் தாங்கும் கோ 4 நெல்லையும், நோய்க்கு ஆளான ஏ.டி.டி. 10 நெல்லையும் இணைத்துக் கோ 25, கோ 26 ரகங்களை அந்தக் காலத்திலேயே உண்டாக்கினார்கள். எதிர்ப்பாற்றல் விதைக்குள்ளேயே இருந்தால் தெளிப்புக் கூலி ஏது? இரண்டாவது, விதை நேர்த்தி. கிலோ விதைக்கு 2 கிராம் கார்பன்டாசிம், அல்லது 10 கிராம் சூடோமோனாஸ். ஏக்கருக்கு 25 கிலோ விதை என்றால் 50 கிராம் மருந்து போதும். நான்கைந்து பேர் தேநீர் குடிக்கும் காசு! மூன்றாவது, யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடுவது. இதற்குச் செலவே இல்லை, செலவு குறையும். இவற்றுக்குப் பிறகும் நோய்ப்புள்ளி பரவினால், பனியும் மூட்டமும் நீடித்தால், அப்போது தெளிப்பு. தள்ளிப்போடாமல், சொன்ன அளவில். எந்திரத்துக்கு எண்ணெய் எப்போது விடுவது என்று அறிந்த தோழருக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

மத்திய அரசின் கணக்கையும் கேளுங்கள். 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது பயிர் மருந்துக்கு 18 விழுக்காடு வைத்தார்கள். வரியும் சேர்ந்து 400 ரூபாய் என்றால், அதில் 61 ரூபாய் வரி. வணிகன் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். நெல் விற்கும் உழவனுக்கு அந்த வழி இல்லை. தேனீர்க் கடைக் கணக்கில் விதையைக் காப்பவனிடம், பயிர் நோயுற்ற வேளையில் வரி வாங்குவது எந்த நீதி?

வரிக்குப் போராடுவோம். அதுவரை கைகட்டி நிற்போமா? தோழர்களே, நம் படிப்பகங்களில் ஒரு கரும்பலகை வையுங்கள். செலவை நெல் விலையால் வகுக்கும் அந்த எளிய கணக்கை எழுதிப் போடுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, நோயுற்ற இலையைக் கடைக்கு எடுத்துச் செல்லுமுன், வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ எடுத்துச் செல்லுமாறு அண்ணனிடம் சொல்லுங்கள். அலுவலர் வயலுக்கு வரவில்லை என்றால் மனுக் கொடுங்கள். கூட்டமாகச் சென்று கேளுங்கள்.

மருந்துப் புட்டியின் விலையைக் கடைக்காரர் சொல்வார். அது வயலுக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதை உழவனின் கணக்குச் சொல்லட்டும்!