கடனை அடைக்க நாள் கணக்கு

விவசாயிக்கு வருமானம் வருவது அறுவடையின்போது, செலவோ அன்றாடம். நெல்லோ கடலையோ விற்ற பணம் கைக்கு வந்ததும் கடைப் பாக்கி, கூலிப் பாக்கி, வட்டி என்று பாதி போய்விடுகிறது. மீதி எப்படிக் கரைந்தது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. "பெரிதாக ஒன்றும் செலவு செய்யவில்லையே" என்பார்கள். அது உண்மைதான். பெரிய செலவு எதுவும் இல்லாமலே 10, 20, 50 என்று போன பணம் அது. உரம் வாங்கியது நினைவில் நிற்கும். அதற்காக டவுனுக்கு மூன்று முறை போய்வந்த பெட்ரோல் நினைவில் நிற்காது.

கடன்பட்ட குடும்பம் நாள் செலவை எழுதிவர வேண்டும் என்று சொன்னால், "எழுதினால் கடன் தீர்ந்துவிடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மழை பொய்த்தும், விலை விழுந்தும், ஆஸ்பத்திரிச் செலவாலும் வந்த கடனுக்கு டீக் குடித்ததைக் காரணம் காட்டுவது சரியல்ல. ஆனால், அதிக வட்டிக் கடனை அடைக்கத் தேவையான சிறு தொகையை எங்கிருந்து எடுப்பது என்பதை அந்த நோட்டுதான் காட்டும்.

வட்டியே முதல் வரி

40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் முதல் வரியில் அன்றைய வட்டியை எழுதுங்கள். வட்டியை மாதக் கணக்கில் நினைப்பதால்தான் அதன் பாரம் தெரிவதில்லை. வெளியில் 40,000 ரூபாய் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 1,200 ரூபாய். நாளொன்றுக்கு 40 ரூபாய். நீங்கள் வயலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்த 40 ரூபாய் செலவாகிவிட்டது. ஆண்டுக்கு நூற்றுக்கு 36 ரூபாய் என்பது இதன் பொருள். உங்கள் வீட்டு அன்றாடச் செலவுகளில் பெரியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அதன் கீழே வீட்டுச் செலவு ஒரு பக்கம், பண்ணைச் செலவு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதவும். கடனுக்கு வாங்கிய மளிகையைப் பணம் கொடுக்கும் நாளில் அல்ல, வாங்கிய நாளிலேயே எழுத வேண்டும். பால் சங்கத்தில் தீவனத்துக்காகப் பிடித்தம் செய்யும் தொகையும் செலவே. கைக்கு வராமல் போவதால் அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. செல்போன் வழியாகச் செலுத்தும் பணமும் இப்படித்தான். சட்டைப் பையிலிருந்து நோட்டு குறைவது கண்ணுக்குத் தெரியும். செல்போனில் போவது தெரியாது. இரவில் ஒருமுறை வங்கிக் குறுஞ்செய்திகளைப் பார்த்து எழுதிவிட வேண்டும்.

யார் எழுதுவது? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில் நோட்டு இருந்தால் அது நிலைக்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுதச் சொல்வதும் நல்லதே. ஆனால் இரவு நோட்டைத் திறப்பது விசாரணை ஆகிவிடக் கூடாது. எதற்கு இது, ஏன் அது என்று கேட்கத் தொடங்கினால் பத்தாம் நாள் பொய்க் கணக்கு வரும். வெற்றிலை பாக்கோ, டீயோ, மற்ற எதுவோ, விவரம் சொல்ல விருப்பமில்லாததைக் 'கைச்செலவு' என்று மொத்தமாக எழுதினால் போதும். தொகை மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

ஒரு மாதம் எதையும் குறைக்காமல் எழுதிப் பாருங்கள். மாத முடிவில் வட்டி, வீடு, பண்ணை என மூன்றையும் தனித்தனியே கூட்டவும். நாளுக்கு 45 ரூபாய் என்பது மாதத்துக்கு 1,350 ரூபாய், அதாவது ஒரு மூட்டை டி.ஏ.பி.யின் விலை. இப்படி உரமூட்டைக் கணக்கில் பார்த்தால் எதைக் குறைக்கலாம் என்று நமக்கே தோன்றும்.

பல வீடுகளில் முதலில் குறைக்கக்கூடியது டவுனுக்குப் போய்வரும் செலவுதான். ஒரு பாக்கெட் மருந்துக்கு ஒரு நாள், மோட்டார் சாமானுக்கு மறுநாள் என்று போவதைச் சந்தை நாளோடு சேர்த்துக்கொள்ளலாம். அடுத்தது, கடைக்காரர் சொன்னார் என்று மருந்தோடு கலந்து அடிக்கும் 'டானிக்' வகைகள். பயிரில் என்ன குறை என்று தெரியாமல் வாங்கும் டானிக்கினால் பயனடைவது பெரும்பாலும் கடைக்காரரே.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. கடலை விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்யச் சில ரூபாய்தான் ஆகும். அதை மிச்சம் பிடித்தால் வேரழுகலில் செடிகள் போகும். கறவை மாட்டுக்குத் தாது உப்பு, பயிர்க் காப்பீட்டுப் பிரிமியம், பிள்ளைகளுக்கு முட்டை ஆகியவற்றிலும் கை வைக்க வேண்டாம். களை எடுக்க வருபவர்களுக்குக் கொடுக்கும் டீயை நிறுத்தினால் அடுத்த முறை ஆள் கிடைப்பது கடினம்.

மிச்சமாவது எந்தக் கடனுக்கு?

கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனைக் கெடு தேதிக்குள் கட்டுபவர்களுக்குத் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. கெடு தவறினால் அந்தச் சலுகை போய்விடும். ஆகவே சங்கக் கடனை அறுவடைப் பணத்தில் கெடு தேதிக்குள் முடித்துவிட்டு, அன்றாடம் மிச்சமாகும் சிறு பணத்தை மூன்று ரூபாய் வட்டிக் கடனுக்கு ஒதுக்குவதே சரி. வீட்டில் சும்மா இருக்கும் நகை இருந்தால் அதை வங்கியில் வைத்து வெளிக்கடனை அடைப்பதும் லாபமே. வங்கி நகைக் கடனின் வட்டி, 36 சதத்துக்கு வெகுவாகக் குறைவு. அதற்கும் கெடு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

40,000 ரூபாய்க் கடனையே எடுத்துக்கொள்வோம். வட்டியைத் தவறாமல் கட்டிக்கொண்டு, நோட்டைப் பார்த்து நாளுக்கு 70 ரூபாய் மிச்சம் பிடித்தால் மாதம் 2,100 ரூபாய். கொடுத்தவர் சில்லறையாக அசலை வாங்கமாட்டார். எனவே அதைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ போட்டு வைத்து, 5 மாதத்தில் 10,000 ரூபாய் அசலில் கட்டலாம். வட்டி மாதம் 900 ஆகக் குறையும். குறைந்த 300 ரூபாயையும் மிச்சத்தோடு சேர்த்துக்கொண்டே போனால் ஒன்பதாம் மாதம் இரண்டாவது 10,000; பதின்மூன்றாம் மாதம் மூன்றாவது; பதினாறாம் மாத முடிவில் கடன் தீர 100 ரூபாய்தான் குறையும். அதுவரை கட்டிய வட்டி 12,900 ரூபாய். வட்டி மட்டும் கட்டி வந்திருந்தால் அதே 16 மாதத்தில் 19,200 ரூபாய் போயிருக்கும். அசல் 40,000 அப்படியே நின்றிருக்கும்.

இதில் பலர் தவறவிடுவது வட்டி குறைந்த பின் வரும் அந்த 300 ரூபாயை. அது வீட்டுச் செலவில் கலந்துவிட்டால் கடன் தீர இன்னும் மூன்று நான்கு மாதம் கூடுதலாகும். முதல் வரியில் 40 என்று எழுதி வந்தவர் 30 என்று எழுதும் நாளில், குறைந்த 10 ரூபாயை அதே பக்கத்தில் 'கடனுக்கு' என்று எழுதிவிட வேண்டும்.

பால் மாடு வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. சங்கப் பட்டுவாடா அன்றே கடனுக்கான பங்கை எடுத்து வைக்கலாம். மாடு வற்றியிருக்கும் மாதங்களில் 70 ரூபாய் முடியாது; 20 ரூபாயாவது ஒதுக்குங்கள். கல்யாணம், காதுகுத்து வரும் மாதத்தில் அதுவும் நின்றுபோகலாம். எழுதுவது மட்டும் நிற்கவேண்டாம்.

அசலில் கட்டும் ஒவ்வொரு தொகையையும் புரோநோட்டின் பின்புறம் தேதியுடன் வரவு வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் நோட்டிலும் ஒரு கையெழுத்து இருப்பது நல்லது. கடைசித் தவணையைக் கொடுக்கும்போதே புரோநோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த பத்திரமோ காசோலையோ இருந்தால் அதையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும்.