கணக்கு எழுதிய கணவனும் கேள்வி கேட்ட பேயும்

படம் மொத்தம் 82 நிமிடம்தான். ஆனால் அரை மணி நேரம் ஆவதற்குள் எனக்குப் பின் வரிசையில் நாலைந்து நாற்காலிகள் காலியாகிவிட்டன. மாதுங்காவில் ஒரு சிறிய அரங்கு. ஒரு திரைப்படச் சங்கத்தார் ஞாயிறு மாலை இலவசமாகக் காட்டிய பழைய படம். என்னுடன் ஆபீஸ் நண்பர் ஒருவரும் வந்திருந்தார், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடைசி வரை உட்கார்ந்திருந்தார், ஆனால் உட்கார்ந்திருந்த கோபம் கல்யாண் லோக்கலில் ஏறிய பிறகுதான் வெளியே வந்தது.

"என்ன அண்ணாச்சி, ஒரு பொம்பளை கதவுப் பக்கம் நிக்கிறதைப் பாக்கவா என் ஞாயித்துக்கிழமையைக் கெடுத்தீரு?" என்றார்.

அவர் மீது தவறில்லை. 'துவிதா' என்ற அந்த இந்திப் படம் 1973-ல் வந்த நாள் முதல் பார்த்தவர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதன் டைரக்டர் மணி கௌலுக்குச் சிறந்த டைரக்டர் என்ற தேசிய விருது இப்படத்துக்காகக் கிடைத்தது. சத்யஜித் ராயோ 1974-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் குறை கூறினார். ராயே ஒப்பாத படத்தை எங்கள் ஆபீஸ் நண்பர் ஒப்பவில்லை என்றால் அதில் வியப்பென்ன? இருந்தாலும் நான் இப்படத்தின் பக்கம்தான் நிற்கிறேன். பத்தாவது வரை மட்டுமே படித்த ஒரு கிளார்க் உலக சினிமா பேச வந்துவிட்டான் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். ஊரில் மனைவியை விட்டுவிட்டு வெளி மாநிலத்தில் பிழைத்தவன் என்ற ஒரு தகுதி எனக்கு உண்டு. இப்படத்துக்கு அந்தத் தகுதி போதும்.

'துவிதா' என்றால் இருமனம், இரண்டும்கெட்ட நிலை. நம் ஊரில் இருதலைக்கொள்ளி எறும்பு என்போமே, அதுதான்.

திசாவர் போன மாப்பிள்ளை

கதை ராஜஸ்தானத்து நாட்டுப்புறக் கதை. ஜோத்பூர் அருகே போரூந்தா கிராமத்தில் பிறந்து அங்கேயே வாழ்ந்த விஜய்தான் தேத்தா என்ற எழுத்தாளர் அதைத் தம் கைவண்ணத்தில் ராஜஸ்தானி மொழியில் எழுதினார். கிராமத்தார் வாய்மொழியாகச் சொன்ன கதைகளை இப்படி அவர் பல தொகுதிகளாக எழுதிக் குவித்தவர், 1974-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றார், 2013-ல் காலமானார்.

ஒரு வியாபாரியின் மகன் கல்யாணம் முடித்துப் பெண்ணை வண்டியில் அழைத்து வருகிறான். வழியில் பெண் காட்டுப் பழத்துக்கு ஆசைப்படுகிறாள். அந்தப் பாலைவனத்தில் இலையே இல்லாத முட்புதர்களில் சிவப்பாகப் பழுக்கும் பழம் அது. மாப்பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சல்: பெரிய வீட்டு மருமகள் ஏழைபாழை தின்னும் பழத்தைத் தின்பதா? அவனுக்கு வேறு வேலை இருக்கிறது. கல்யாணச் செலவுக் கணக்கை அவன் சரி பார்க்க வேண்டும். வீடு போய்ச் சேர்ந்த பிறகும் கணக்குதான். நல்ல முகூர்த்தம் தவறக் கூடாது என்று தகப்பனார் சொல்ல, ஐந்து வருடம் வியாபாரம் செய்யத் தொலைதூரம் புறப்பட்டு விடுகிறான். மனைவியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கட்டுப்பாடாக இரு, குடும்பப் பெயரைக் காப்பாற்று என்ற புத்திமதி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான்.

அவர்கள் இளைப்பாறிய மரத்தில் ஒரு பேய் குடியிருந்தது. மணப்பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குப் பித்துப் பிடித்துவிட்டது. கணவன் கிளம்பியதும் அவனைப் போலவே உருவெடுத்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. தினமும் காலையில் தங்க மொகராக்கள் தருவதாகச் சொன்னதும், பாதி வழியில் மகன் ஏன் திரும்பி வந்தான் என்று தகப்பனார் துருவிக் கேட்கவில்லை. பிள்ளை வந்தானா பேய் வந்ததா என்பதைவிட வரவு வந்ததா என்பதே அந்த வீட்டில் முக்கியம்.

மார்வாரிகள் சொந்த ஊரை விட்டு வியாபாரம் தேடிப் போகும் தூரதேசத்துக்கு 'திசாவர்' என்று ஒரு சொல் உண்டு. கல்கத்தா அவர்களுக்குத் திசாவர், அஸ்ஸாம் திசாவர், மும்பை திசாவர், நம் சென்னைச் சௌகார்பேட்டையும் திசாவர்தான். கடையும் வட்டிக்கடையும் நடத்தும் சேட்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் விட்டு வந்த வீடுகளைப் பற்றி நாம் நினைத்ததில்லை. அந்த வீடுகளில் இருந்த பெண்கள் குளிர்காலத்தில் வரும் கொக்கு இனப் பறவையான குர்ஜாவைத் தூது விடும் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பலோடி அருகே கீச்சன் கிராமத்தில் அந்தப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இன்றும் வந்து இறங்குகின்றன.

நமக்கு மட்டும் இது புதிதா என்ன? பொருள் தேடிப் பிரிந்து போகும் தலைவனையும் காத்திருக்கும் தலைவியையும் வைத்து நம் முன்னோர் ஒரு திணையே வகுத்தார்கள். பாலைத் திணை என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டோம்; மார்க் வாங்கினோம்; பிறகு நாமே ரயிலேறி வந்துவிட்டோம்.

பேய் கேட்ட கேள்வி

கணவன் உருவில் வேறொருவன் வருகிற கதை என்றதும் நமக்கு அகலிகை நினைவு வரும். அங்கே இந்திரன் ஏமாற்றினான், கல்லானது அகலிகை. இந்தக் கதையில் அப்படி இல்லை. பேய் ஊரையே ஏமாற்றுகிறது, மாமனாரை ஏமாற்றுகிறது. அவளிடம் தனியாக வந்து நின்றதும் அதனால் பொய் சொல்ல முடியவில்லை. நான் உன் கணவன் இல்லை, மரத்துப் பேய், உன்னைப் பார்த்து மயங்கி வந்தேன், இனி நீ சொல்வதுதான் முடிவு என்று உள்ளதைச் சொல்லிவிட்டு நிற்கிறது. அவளிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. பெற்றோர் கேட்கவில்லை. தாலி கட்டியவன் கேட்கவில்லை. பழம் வேண்டும் என்று அவளாகக் கேட்டதற்கும் ஏளனம்தான் கிடைத்தது. முதன்முதலாக ஒரு பேய்தான் அவள் விருப்பத்தைக் கேட்கிறது. அவள் சம்மதிக்கிறாள்.

கற்புக்கு இழுக்கு என்று கோபிக்கிறவர்கள் கோபிக்கலாம். திரையிட்ட அன்றும் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று, இதையெல்லாம் படமாக எடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் படம் அவளுக்காக வக்காலத்தும் வாங்கவில்லை. அவளைத் திட்டவும் இல்லை. அவள் முகத்தைக் காட்டுகிறது. வெள்ளைச் சுவர், சிவப்புச் சேலை, முக்காட்டுக்குள் இரண்டு கண். சில இடங்களில் படம் அசையாமல் போட்டோ போல் நின்றுவிடுகிறது. பாத்திரங்கள் அதிகம் பேசுவதில்லை. கதையைச் சொல்லும் குரல் பின்னால் ஒலிக்கிறது. பட்டப்பகல் வெளிச்சத்திலேயே ஏதோ கனவில் நடப்பது போலிருக்கிறது. பயமுறுத்தும் சத்தமோ புகையோ கிடையாது. கணவனாகவும் பேயாகவும் ஒரே நடிகர் ரவி மேனன் வருகிறார். மலையாள 'நிர்மால்யம்' படத்திலும் நடித்தவர். பேய் என்று காட்ட அவருக்குத் தனி வேஷம் ஒன்றும் போடவில்லை. அவளைப் பார்க்கிற பார்வைதான் வித்தியாசம்.

அந்தப் பெண்ணாக நடித்த ரைசா பதம்சீ, பெயர் பெற்ற ஓவியர் அக்பர் பதம்சீயின் மகள். காமிரா நவ்ரோஸ் கான்ட்ராக்டர். போட்டோக்காரராக இருந்தவர், 2023-ல் காலமானார். இசை ராஜஸ்தானத்து நாட்டுப்புறக் கலைஞர்களுடையது. மணி கௌல் 1944-ல் ஜோத்பூரில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் படித்தவர். அவரது முதல் படமான 'உஸ்கி ரோட்டி'யிலும் ஒரு மனைவி காத்திருக்கிறாள். பஸ் டிரைவரான புருஷனுக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு சாலையோரம் நிற்கிறாள். 2011-ல் அவர் மறையும் வரை, பொறுமையைச் சோதிக்கும் டைரக்டர் என்ற பேச்சு அவரை விடவில்லை.

படம் மெதுவாகப் போகிறது என்பதே பெரிய குற்றச்சாட்டு. மெதுவாகத்தான் போகிறது. ஐந்து வருடம் ஒரு வீட்டுக்குள் காத்திருக்கப் போகிறவளின் கதையை எந்த வேகத்தில் சொல்வது? நாம் இங்கே ஷிப்டும் ஓவர்டைமுமாக ஓடி, வருடம் போனதே தெரியவில்லை என்கிறோம். ஊரில் இருப்பவளுக்கு ஒவ்வொரு நாளும் தெரிந்தே போகிறது.

அதற்காகக் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பேயின் மயக்கத்தைப் பின்னணிக் குரல் சொல்லித் தெரிந்துகொள்கிற அளவுக்குக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. வசனத்தை எல்லோரும் பாடம் ஒப்பிப்பது போல் பேசுகிறார்கள். வேண்டுமென்றே செய்தது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னாலும் காது ஒத்துக்கொள்ள நேரமாகிறது.

மனைவி தாயாகப் போகிறாள் என்ற செய்தி எட்டியதும் உண்மையான கணவன் ஊருக்கு ஓடி வருகிறான். இரண்டு பேரில் எவன் நிஜம்? ராஜாவிடம் நியாயம் கேட்கப் புறப்படுகிறார்கள். வழியில் ஓர் ஆட்டிடையன் வழக்கைத் தீர்த்துவிடுகிறான். கையில் நெருப்புக் கங்கை எடு, சிதறிய ஆடுகளைச் சேர், இந்தத் தண்ணீர்த் தோல்பைக்குள் புகுந்து காட்டு என்று மூன்று சோதனை. காதலை நிரூபிக்கும் ஆவேசத்தில் பேய் பைக்குள் புகுந்துவிடுகிறது. இடையன் வாயைக் கட்டிவிடுகிறான். ஊர் பாராட்டுகிறது. வீட்டில் பிள்ளை பெற்றுக் கிடப்பவளிடம் இப்போதும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதே கதையை 2005-ல் அமோல் பாலேகர் 'பஹேலி' என்று ஷாருக் கானையும் ராணி முகர்ஜியையும் வைத்து எடுத்தார். பாட்டும் பகட்டுமாகப் பார்க்க நன்றாகவே இருக்கும். அதில் பேய் தப்பித்துக் கணவன் உடம்புக்குள்ளேயே புகுந்துவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். மணி கௌல் அந்தச் சந்தோஷத்தைத் தரவில்லை. கணக்கு எழுதியவனோடுதான் அவள் காலம் தள்ள வேண்டும்.

வீட்டில் பார்த்தது

எனக்குக் கல்யாணமாகி பதினோராவது நாள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் மும்பைக்குத் திரும்பினேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் மனைவியை என் அம்மாவோடு விட்டு வந்தேன். இங்கே ஒரே அறையில் ஐந்து பேர். தனி வீட்டுக்கு முன்பணம் சேர்த்து அவளை அழைத்து வர நாலு வருடம் ஆயிற்று. ஒரு வருடம் குறைவு, அவ்வளவுதான்.

போன மாதம் மகளைத் தூங்க வைத்துவிட்டு, செல்போனில் அவளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு இந்தி அரைகுறை. குரல் சொல்வதை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் எழுந்து போகவில்லை; அசையக்கூட இல்லை. முடிந்ததும் பாத்திரம் கழுவப் போனாள். குழாயை நிறுத்திவிட்டு அங்கிருந்தே சொன்னாள்:

"அந்தப் பேய் மொதல்லயே சொல்லிட்டுல்லா, நான் உன் புருஷன் இல்லைன்னு. அதுக்குத் தைரியம் வேணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப நீங்க போன் பண்ணுனா மொதல்ல என்ன கேப்பீங்க, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. அக்கவுண்ட்டில் பணம் ஏறிவிட்டதா என்று கேட்பேன். நாலு வருடமும் மாதம் தவறாமல் அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்து என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அரிசி விலையும் அம்மாவின் மாத்திரையும்தான் நினைவுக்கு வந்தன.

"அந்தப் பழம் என்ன பழம்?" என்று கேட்டாள்.

மறுநாள் டூட்டி முடிந்து வரும்போது கல்யாணில் ஒரு மார்வாரி கடையில் விசாரித்தேன். அந்தப் புதருக்குக் கேர் என்று பெயர். பழம் இங்கே வராது. காயைத்தான் ஊறுகாய் போட்டு விற்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அவர் ஊர் எது என்று கேட்டேன். ஜோத்பூர் பக்கம் என்றார். குடும்பம் எங்கே என்று கேட்டேன். ஊரில்தான் என்றார். ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தேன்.

விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"காயி இல்லா இது. அவ கேட்டது பழம்," என்றாள். பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தாள்.