நீலமாக இருந்தது காயமல்ல

வார நாள்களில் எனக்குச் சிங்கப்பூரில் வேலை. வெள்ளி இரவுதான் ஜொகூர் பாருவில் உள்ள வீட்டுக்கு வருவேன். மனைவியின் 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்தபின், பக்கத்து வீட்டு அக்காதான் பகலில் எங்கள் மகளைப் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு சனிக்கிழமை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். முதன்முறையாக நானே பேம்பர்ஸ் மாற்றினேன். குழந்தையின் பின்புறத்தில், இடுப்புக்குக் கீழே, அடிபட்டதுபோல் நீலம் பாரித்திருந்தது. எனக்குக் கைகால் உதறியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போய், "பிள்ளையை அடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கண் கலங்கிவிட்டது.

மாலையில் வந்த மனைவி சொன்னாள்: "இது பிறந்தப்பவே இருக்கு. நீங்க இன்னிக்குத்தானே பேம்பர்ஸ் மாத்துறீங்க!"

ஐந்தாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் காட்டினோம். 'மங்கோலியன் ஸ்பாட்' என்று சொல்லப்படும் பிறவி மச்சம் அது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் மேல்தோலுக்கு வந்து சேராமல் அடியிலேயே தங்கிவிடுகின்றன. ஆழத்தில் இருப்பதால் நீலமாகத் தெரிகிறது. ஆசியக் குழந்தைகளுக்கு இது மிகச் சாதாரணம். மருந்து தேவையில்லை. பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மங்கிவிடும்.

எப்படி அடையாளம் காண்பது?

* மச்சம் தட்டையாக இருக்கும்; வீக்கம் இருக்காது. தொட்டால் குழந்தைக்கு வலிக்காது.
* அடிபட்ட காயம் சில நாள்களில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறையும். மச்சம் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும்.
* பிறந்தவுடனோ, முதல் சில வாரங்களிலோ தென்படும்.

திடீரெனத் தோன்றினாலோ, வீக்கமோ வலியோ இருந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். உடலில் பல இடங்களில் பரவலாக இருந்தாலும் காட்டிவிடுவது நல்லது.

மச்சத்தைப் படம் எடுத்து வையுங்கள். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் டாக்டரைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். பராமரிப்பாளரிடமும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். வீண்பழி யார்மீதும் விழாது.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பிள்ளை மேல உள்ள பாசத்துல கேட்டீங்க தம்பி. ஆனா, ஒரு வார்த்தை வீட்ல கேட்டுட்டு வந்திருக்கலாம்" என்றார்.

இப்போதும் மகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். சனி, ஞாயிறு பேம்பர்ஸ் மாற்றுவது என் வேலை.