மலையிறங்கிய பின் இருபது நிமிடம்

"நாள் முழுக்க மலையில ஏறி இறங்குறோம், இதுக்கு மேல யோகா வேறயா?" பதுளை மாவட்டத்தில் பசறை, நமுனுகுல, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யோகாசனப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடி, சரிவில் நின்று கொழுந்து பறிக்கிறவரிடம் போய் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசத் துணிச்சல் வேண்டும். ஆனாலும் பேசத்தான் வேண்டியிருக்கிறது. உடம்பைவிட மனசுக்காக.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

கொழுந்து பறிக்கும்போது உடம்பு ஒரே பக்கமாகத்தான் அசைகிறது. கூடைக்கயிறு தலையில் அழுந்த, கழுத்து முன்னால் தள்ளி நிற்கும். தோள் குறுகும். சறுக்காமல் இருக்க ஒரு முழங்கால் மடங்கியே இருக்கும். மூச்சோ மேல்நெஞ்சோடு நின்றுவிடும். தலைக்குள் கிலோக் கணக்கு: நிறுவைக்குள் நிறையுமா, அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்டுவிடுவார்களா? பொழுது முழுக்க இப்படிப் போனால் உடம்பு அலுத்துவிடும், மனசு அடங்காது. அடுப்படியில் நிற்கையில் பிள்ளை எதையோ கேட்டதற்குச் சுள்ளென்று கோபம் வருவதும், படுத்தபின் தூக்கம் வராமல் புரள்வதும் அதன் மிச்சம்தான்.

யோகாசனத்தில் அவசரம் இல்லை, தராசு இல்லை, பின்னால் நின்று விரட்ட ஆளில்லை. குறுகிய நெஞ்சு விரிகிறது, வளைந்த முதுகு மறுபக்கம் வளைகிறது, அசைவு மூச்சோடு சேர்ந்து போகிறது.

நடந்தவர்களும் யோகா செய்தவர்களும்

நம் ஆட்களின் கேள்விக்கு நேரான பதில் போல அமைந்த ஆய்வு ஒன்று உண்டு. 2010இல் அமெரிக்காவின் பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நல்ல சுகத்தோடு இருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு யோகா செய்தது, மற்றது நடந்தது. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணிநேரம், 12 கிழமை. இரண்டுக்கும் செலவான சக்தி ஏறக்குறைய சமம். ஆனால் மனநிலை கூடுதலாகத் தெளிந்ததும், பதற்றம் கூடுதலாகக் குறைந்ததும் யோகா செய்தவர்களுக்கே. மூளையின் கொதிப்பைத் தணிக்கும் 'காபா' என்ற இரசாயனம் கூடியதற்கும் மனநிலை தேறியதற்கும் தொடர்பு தெரிந்தது. மொத்தம் 34 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, அதனால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. என்றாலும், நடை மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

மனச்சோர்வு உள்ளவர்களைப் பற்றிய பெரிய தொகுப்பாய்வு 2024இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. 218 ஆய்வுகள், 14,000க்கு மேற்பட்டவர்கள். நடை, மெல்லோட்டம், பளுப் பயிற்சி ஆகியவற்றோடு யோகாவும் நல்ல பலன் தரும் வரிசையில் இடம்பிடித்தது. சான்றுகளின் உறுதி இன்னும் கூட வேண்டும் என்பதையும் அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

நீட்டி விடும் மூச்சு

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பயத்திலும் கோபத்திலும் இது கூடும். வேண்டுமென்றே மெதுவாக்கி, முக்கியமாக வெளிவிடும் மூச்சை நீட்டினால், மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை கூடுகிறது. இதயத் துடிப்பு தணிகிறது, தசைகளின் இறுக்கம் விடுகிறது. ஆபத்து இல்லை என்ற செய்தி உடம்பிலிருந்து மூளைக்குப் போகிறது. 'கவலைப்படாதே' என்று மனசுக்கு எத்தனை தடவை சொன்னாலும் அது கேட்பதில்லை. மூச்சு சொன்னால் கொஞ்சமாவது கேட்கும்.

எல்லயில் ஹோட்டல் மாடிகளில் வெள்ளைக்காரர்கள் யோகா செய்வதைப் பார்த்து, இது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நம் பழந்தமிழ் நூலான திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. நம் பாட்டன் சொத்தை நாமே வேடிக்கை பார்க்கிறோம்.

பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்

இடம் ஒரு பாய் விரிக்கிற அளவு போதும். காம்பராவில் முடியாவிட்டால் இஸ்தோப்பு, அதுவும் சரிவராவிட்டால் கோயில் மண்டபம். வேலைவிட்டு வந்து, மேல்கழுவி, வெறும் தேத்தண்ணியோடு இருக்கும் பொழுது நல்லது. வயிறு நிறையச் சாப்பிட்டபின் வேண்டாம். பழைய சுரிதார் போதும்.

முதலில் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரைத் தொடட்டும். கூடை சுமந்த கழுத்துக்குப் பின்தலை சுவரைத் தொடுவதே முதல் நாளில் சிரமமாக இருக்கும். மூச்சை இழுத்துக்கொண்டே கையை உயர்த்தி, விட்டுக்கொண்டே இறக்குங்கள். பிறகு முழங்காலும் கையும் ஊன்றி, பூனையைப் போல முதுகை மேலே வளைத்துக் கீழே இறக்குங்கள். குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் தூக்கும் புஜங்காசனம் அடுத்தது. குனிந்து காலைத் தொடும் ஆசனங்களுக்கு அவசரமில்லை, குனிவது நாள் முழுக்க நடக்கிறதே. பிறகு மல்லாந்து படுத்து இரண்டு காலையும் சுவரில் சாய்த்து ஐந்து நிமிடம் இருந்தால் கால் கடுப்பு இறங்கும். கடைசியில் அசையாமல் மல்லாந்து கிடக்கும் சவாசனம். அதில் தூங்கிப்போனால் போகட்டும், உடம்பு கேட்டதை எடுத்துக்கொள்கிறது.

கர்ப்பிணிகள், பிரஷர் உள்ளவர்கள், முள்ளந்தண்டு வலிக்காரர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். எழுந்தவுடன் தலை சுற்றுகிறவர்கள் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது, மலையகப் பெண்களுக்கு இரத்தசோகை புதிதல்ல. தலைகீழாக நிற்கும் வித்தை யாருக்கும் தேவையில்லை.

நாலு பெண்கள் சேர்ந்து செய்தால் விட்டுவிடாமல் தொடரும். ஆசனம் பாதி, முடிந்தபின் உட்கார்ந்து பேசிச் சிரிப்பது பாதி. அந்தப் பேச்சும் மனசுக்கு மருந்துதான். ஒரு கிழமையில் மாற்றத்தைத் தேட வேண்டாம், இரண்டு மூன்று மாதம் கொடுங்கள்.

மழை இரவுகள்

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் பதுளை மாவட்டத்தை மறுபடி உலுக்கியது. இவற்றைக் கண்டவர்களுக்குத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடும் மூச்சு கைகொடுக்கும். ஆனால் மண்சரிவு எச்சரிக்கை வந்துவிட்டால் மூச்சுப் பயிற்சிக்கு வேலையில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

யோகா போதாத இடம்

குறைந்த சம்பளமும் ஒழுகும் கூரையும் ஆசனத்தால் சரியாவதில்லை. "மனசை அடக்கிக்கொள், எல்லாம் சரியாகும்" என்று தொழிலாளிக்கு உபதேசிக்க யோகாவைக் கருவியாக்குபவர்களை நான் நம்புவதில்லை.

மனச்சோர்வு நோயும் ஆசனத்தால் மட்டும் சரியாவதில்லை. நம் ஊரில் அது பெரும்பாலும் மேல்வலி, தலைப்பாரம், பசியின்மை, நெஞ்சடைப்பு என்று உடம்பின் வழியாகத்தான் வெளியே வரும். ஆம்பிளைகளிடம் சாராயமாகவும் வரும். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, 'இருந்து என்ன பயன்' என்ற நினைப்பு வருகிறது என்றால் பதுளைப் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கப்பட எதுவுமில்லை. உயிரை விடும் எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வேண்டும். தேசிய மனநல உதவி எண் 1926ஐயும் அழைக்கலாம். வைத்தியர் தந்த குளிசையைப் போட்டுக்கொண்டே யோகாவும் செய்யலாம். மனசு இலேசாகிவிட்டது என்று குளிசையைத் தானாக நிறுத்த வேண்டாம், கிளினிக்கில் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.